ஆர்க்கேஞ்சலிலிருந்து வந்த கறுப்புக் கார்டு

போன மாதம் பென்ஷன் கையெழுத்துக்காக எங்கள் பழைய தபாலாபீசுக்குப் போயிருந்தேன். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் இருக்கிற சின்ன ஆபீஸ் அது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் எழுதப் போகிற குடும்பத்தில் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

கடிதம் பிரிக்கிற மேஜையில் இருந்த புது கிளார்க் ஒரு கவரைத் தூக்கிக் காட்டினான். "ஐயா, இது இன்னா பாஷை? இங்கிலீஷைத் தலைகீழாப் போட்ட மாதிரி இருக்குது."

"ருஷ்யா" என்றேன்.

"உங்களுக்கு ருஷ்யாக்காரன் எழுத்து தெரியுமா?"

"படிக்கத் தெரியாது. ஒரு கார்டுல பார்த்திருக்கேன்."

"அது இன்னா கதைன்னு சொல்லுங்களேன்" என்று அவனும் மற்ற இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து நாலு நாள் யோசித்த பிறகு எழுதத் துணிந்தேன். படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

நான் தபால்காரனாகச் சேர்ந்தது பதினெட்டு வயதில். மூன்று மாதம் இங்கிலீஷ் எழுத்தும் முத்திரை குத்தவும் கற்றுக்கொடுத்தார்கள். மற்றதெல்லாம் கால் கற்றுக்கொண்டது. எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்புகள் அதிகம். தோல் பதனிடுகிற கொட்டில்களை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் வெந்தவர்கள் ஒரு நாள் துணிந்து கப்பல் ஏறிவிடுவார்கள். ஆகவே எங்கள் பைக்குக் கடல் கடந்த கார்டுகள் கொஞ்சமாக வராது. ரங்கூன், பினாங்கு, கொழும்பு வாரா வாரம். டர்பனிலிருந்து மாதத்துக்கு ஒரு கட்டு. மொரீசிலிருந்து வரும் கடிதத்தில் பாதி வேறு பாஷை இருக்கும், அடியில் கையெழுத்து மட்டும் தமிழில் கோணல் மாணலாக இருக்கும். பிஜியிலிருந்து வருஷத்துக்கு ஒன்று. தென் அமெரிக்காவில் இருக்கிற டெமரராவிலிருந்து என் காலத்தில் இரண்டே இரண்டு. உலகத்தில் தமிழ் பேசுகிறவன் எங்கெங்கே இருக்கிறான் என்று பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்று நான் ஜம்பமாகச் சொல்லித் திரிந்த காலம் உண்டு. அந்த ஜம்பம்தான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் போஸ்ட்மாஸ்டர் தேவசகாயம் சார். வெயிலிலும் கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு. எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பார், பிறகுதான் முகவரி. அதிர்ந்து பேசமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார் என்றால் பேச்சு முடிந்தது, இனி வாதாட இடமில்லை என்று அர்த்தம். தபால்காரன் கடிதத்தைப் படிக்கக் கூடாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கக் கூடாது, யாராவது படித்துக் காட்டச் சொன்னால் மட்டும் படிக்கலாம். இதில் அவர் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்கமாட்டார்.

விட்டுக்கொடுத்த ஒரே விஷயம் துக்கக் கார்டு. நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவி வருகிற சாவுச் செய்தியை மற்றக் கடிதங்களோடு சேர்த்து எடுத்துப் போனால் சனங்கள் சண்டைக்கு வருவார்கள். கல்யாணக் கடிதத்தில் மஞ்சள் தடவியிருக்கும், அதன்மேல் இது பட்டால் விடுவார்களா? ஆகவே துக்கக் கார்டுகளுக்குத் தனிக் கூண்டு. பட்டுவாடாவில் அவை கடைசி. வீட்டுக்குள் கொடுக்கமாட்டோம். ஆண்பிள்ளை ஒருவரை வாசலுக்கு வெளியே கூப்பிட்டு, கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்போம். அவர் அங்கேயே படித்து அங்கேயே கிழித்துப் போடுவார். எழுத ஆள் கிடைக்காத ஏழைகள் வெறும் கார்டில் நான்கு மூலைக்கும் கரி தடவி அனுப்பிவிடுவதும் உண்டு. வாங்கினவர்களுக்கு யார் என்று தெரிந்துவிடும். அப்படி நாலைந்து நானே கொடுத்திருக்கிறேன்.

கால்வாய் ஓரத்துத் தெருவுக்கு மட்டும் வேறு முறை. தோல் ஷாப்பில் குழி வேலை செய்கிறவர்களின் தெரு அது. அதற்குள் நாங்கள் போவதில்லை. தெருமுனையில் ஒரு கல் உண்டு. நல்ல சேதியோ கெட்ட சேதியோ அதன்மேல் வைத்துவிட்டுப் பெயர் சொல்லிக் கத்துவோம். அப்போது எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அந்தத் தெருவில் கன்னியப்பன் என்று ஒருவர். தம்பி ரத்தினம். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பு படித்தவன், தெருவிலேயே எழுதத் தெரிந்த ஒரே ஆள். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் பட்டணத்துத் துறைமுகத்துக்குப் போய், கப்பலில் கரி தள்ளுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டான். 1914-ல் தொடங்கிய பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. மனைவி செல்லம்மா கன்னியப்பன் வீட்டில் இருந்தாள். இருபது வயசு இருக்கும். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, "எங்களுக்கு எதுனா இருக்குதாங்க?" என்று கேட்பாள். லிவர்பூலிலிருந்து ஒரு கார்டு வந்தது. அவளே என்னைப் படிக்கச் சொன்னாள். சுகம், குளிர் ஜாஸ்தி, அடுத்தது எங்கே போகிறோம் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அதை மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

எட்டு மாதம் கழித்து அந்தக் கறுப்புக் கார்டு வந்தது.

முகவரிப் பக்கத்தில் கன்னியப்பன் பெயரும் ஊரும் இங்கிலீஷில். கப்பல் அதிகாரிகள் எழுதிக் கொடுப்பது வழக்கம். பக்கத்தில் தலைகீழ் எழுத்தில் வட்ட முத்திரைகள். திருப்பினால் பக்கம் முழுக்கக் கறுப்பு. தூரிகையால் இழுத்து இழுத்துப் பூசியிருந்தது. மூலை, விளிம்பு, நடு, எங்கேயும் வெள்ளை இல்லை.

தேவசகாயம் சார் வெகுநேரம் பார்த்தார். "இது ருஷ்ய முத்திரை. ஆர்க்கேஞ்சல்னு ஒரு துறைமுகம் வடகோடியில இருக்கு. நம்ம கப்பல் அங்க சரக்குக் கொண்டு போகுதுன்னு பேப்பர்ல வந்தது." பிறகு என்னைப் பார்த்தார். "இந்த மை என்ன பெருமாள்?"

"துக்கக் கார்டு சார்."

"மூலையில் தானே தடவுவீங்க?"

"எழுதத் தெரியாதவன் எவனோ கூட இருந்திருக்கான் சார். சேதி தப்பாமப் போகட்டும்னு முழுக்கப் பூசிட்டான்."

"சென்சாரா இருக்குமா?"

"சென்சார் கத்திரிப்பான் சார். மெசபடோமியாவிலிருந்து சிப்பாய்ங்க போடுறது எல்லாம் கத்திரிச்சுத்தானே வருது? மை பூச மாட்டான்."

நான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். உலகத்தில் எங்கே தமிழ் இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே! வெள்ளைக்கார சென்சார் பக்கத்தில் தமிழ் படிக்க ஆள் வைத்திருக்கிறான், அதனால் வேண்டாததை மட்டும் கத்திரிக்கிறான். தமிழே கேள்விப்படாத ஊரில் உட்கார்ந்திருக்கும் சென்சார் என்ன செய்வான் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. சார் மேலதிகாரிக்கு எழுதிக் கேட்கலாமா என்று தயங்கினார். பதில் வர மாதக்கணக்கு ஆகும், சாவுச் சேதியை வைத்துக்கொண்டிருக்கலாமா சார் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தார்.

வெளியே வந்ததும் கார்டை வெயிலில் பிடித்துப் பார்த்திருக்கலாம். கீழே எழுத்தின் பள்ளம் தெரிந்திருக்கும். கூடாது என்பது விதி. அந்த ஒரு நாள் மட்டும் நான் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

கல்லின்மேல் வைத்துக் கத்தினேன். கன்னியப்பன் குழியிலிருந்து அப்படியே வந்தார், முழங்கால் வரை சுண்ணாம்பு. கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எங்க இருந்து சாமி?"

"கப்பல்ல இருந்து."

"எதுனா எழுதிக்குதா?"

"எழுத்து இல்ல. கருமைதான்."

இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "தம்பிய மொத்தமா இருட்டாக்கிட்டானுங்களே" என்று சொல்லிக் குறுக்கே கிழித்தார், மறுபடி கிழித்தார். துண்டுகளைக் கால்வாயில் போட்டார். செல்லம்மா தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன். அழுகைச் சத்தம் தோல் மண்டி வரைக்கும் கூடவே வந்தது.

பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடித்தார்கள். வளையல் உடைத்தார்கள். அந்தத் தெருக்களில் அறுத்துக் கட்டுவது உண்டு, அதாவது தாலி இழந்தவளுக்கு வேறு ஒருவன் தாலி கட்டலாம். ஆறாம் மாதம் நெமிலிப் பக்கத்தில் ஏர் ஓட்டுகிற ஒருவனுக்கு அவளைக் கொடுத்தார்கள். நல்ல ஆள் என்றே சொன்னார்கள். எல்லாம் ஒரு வழியாக அடங்கியது என்று நானும் நினைத்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் டென்மார்க் பாதிரியார் பங்களாவில் கடிதம் கொடுக்கப் போனேன். அவருடைய தங்கை ருஷ்யாவில் உபாத்தியாயினி. கவரைப் பிரித்தவர் சிரித்துக்கொண்டே காகிதத்தை என் பக்கம் திருப்பினார். பாதிப் பக்கம் கறுப்பு. அதே தூரிகை இழுப்பு.

"பாருங்கள் பெருமாள், அந்த ஊர் சென்சார் இப்படித்தான். வேண்டாததின்மேல் மை பூசிவிடுவான். புரியாத பாஷையாக இருந்தால் எல்லாவற்றின் மேலும் பூசுவான்!"

அவர் நல்ல தமிழில் சொன்னார். அவர் தண்ணீர் கொடுத்தது நினைவிருக்கிறது, குடித்தேனா என்று தெரியாது.

தேவசகாயம் சாரிடம் சொன்னேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "எழுதின அன்னிக்கு அவன் உயிரோட இருந்தான். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். இப்ப இருக்கானான்னு தெரியாது. விசாரிச்சு எழுதறேன். பதில் வர்ற வரைக்கும் நீ வாயத் திறக்காதே" என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ருஷ்யாவிலோ அப்போது ராஜாவே போய்விட்டான். யார் பதில் எழுதப் போகிறார்கள்?

எனக்கு மனசு தாங்கவில்லை. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு கன்னியப்பனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தக் கல்லைத் தாண்டிப் போனேன். என்னுடைய இரண்டாவது தப்பு அது. முதல் தப்பு தெரியாமல் செய்தது. இதை என் பாரம் இறங்கவேண்டும் என்று செய்தேன்.

அவர் கத்தவில்லை. "இப்ப வந்து சொல்றியே சாமி. அவ அங்க மூணு மாசம் முழுவாம கீறா. நா இன்னா பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

சேதி நெமிலிக்குப் போய்விட்டது. அரக்கோணத்தில் ரயில் ஏறி, வயிற்றுப் பிள்ளையோடு செல்லம்மா வந்து சேர்ந்தாள். தபாலாபீஸ் வேப்பமரத்தடியில் தினமும் வந்து உட்கார்ந்தாள். புதுத் தாலியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கழுத்தில் போடவும் மனசில்லை, எறியவும் மனசில்லை.

"கார்டுல உசுரோட இருக்கேன்னுதானே எழுதியிருப்பாரு?" என்று கேட்பாள்.

"தெரியலம்மா."

"நா இப்ப யாரு பொண்டாட்டிங்க?"

நான் உள்ளே போய் முத்திரை குத்திக்கொண்டிருப்பேன். நெமிலிக்காரன் இரண்டு தடவை வந்தான். அதட்டவில்லை, அடிக்கவில்லை. மரத்தடியில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனான். பிள்ளை இங்கேதான் பிறந்தது, ஆண் பிள்ளை. மூன்றாவது தடவை வந்தபோது அவனோடு போனாள். போகும்போது என்னிடம், "எதுனா வந்தா ஒரு வரி போடுங்க" என்று சொன்னாள். அதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை யாரையாவது எழுதச் சொல்லி எனக்கு ஒரு கார்டு போடுவாள். 'தகவல் உண்டா.' ஒரே வரி. நான் இல்லை என்று பதில் போடுவேன். பதினேழு கார்டு வந்தது. பதினேழும் என் மேஜை இழுப்பறையில் கிடந்தன. தாலி இன்னும் முடிச்சில்தான் இருக்கிறது என்று நெமிலிப் பக்கத்து ஆட்கள் சொன்னார்கள்.

யுத்தம் முடிந்து சில மாதம் ஆகியிருந்தது. ஒரு காலை நேரம், சன்னலுக்கு வெளியே ஒருவன் நின்றான். தலை பாதி நரைத்திருந்தது. இடது காலை இழுத்து வைத்தான்.

"நா போட்ட கார்டு வந்துச்சா சார்?"

எல்லோரும் என்னைச் சாமி என்று கூப்பிடுகிற தெருவிலிருந்து போனவன் சார் என்றான். குரலை வைத்துத்தான் ரத்தினம் என்று தெரிந்துகொண்டேன். எழுந்து வெளியே போய், அதே வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவனுக்கு முன்னமே தெரியும். அண்ணனைப் பார்த்துவிட்டான். அதோடு முதல் நாள் நெமிலிக்கும் போய்வந்திருக்கிறான்.

"மூணு கார்டு போட்டேன் சார். கப்பல் பனியில மாட்டிக்கிச்சு. கடலே கல்லாய்ட்ச்சு. கால்ல ரெண்டு விரலு அழுகிப்போயி ஆஸ்பத்திரியில கெடந்தேன். அந்த ஊரு முழுக்க ஒரு ஆளு இல்ல சார், நம்ம பாஷை பேச. மறந்துடப் போறோம்னு எனக்கு நானே பேசிக்குவேன். பைத்தியம்னு நெனச்சிக்கினாங்க. அப்பால கப்பல் போய்ட்டுது. ரயில்ல ஏத்திக் கெழக்கால அனுப்பினாங்க. நாப்பது நாளு சார். எந்த ஸ்டேஷன்ல எறங்கினாலும் அதே பாஷை, அதே ரொட்டி. தரையோட தரையா உட்டுப்போவாம அந்த பாஷை போய்க்கினே கீது. நம்மது அப்பிடி இல்லியே, கடலத் தாண்டித் தாண்டி எங்கியோ ஒரு துறைமுகத்துல நாலு பேரு. கடைசியில கப்பல் ஏறி சிங்கப்பூருல எறங்கறேன், மூட்டை தூக்கறவன் ஒருத்தன் 'ஒத்திக்கோய்யா'ன்னு தள்ளினான். அங்கயே உக்காந்து அழுதுட்டேன்."

"அந்தக் கார்டில் என்ன எழுதியிருந்தாய்?" என்று கேட்டேன். இரண்டு வருஷமாக என்னைத் தின்றுகொண்டிருந்த கேள்வி.

"இன்னா எழுதுவேன்? சொகமா கீறேன், வர லேட்டாவும், அவளப் பசியாப் போடாதீங்க. அம்புட்டுத்தான்."

நெமிலியில் வரப்போரம் நின்று பார்த்தானாம். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூரைக்கு ஓலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேலே அந்த ஆள் கட்டிக்கொண்டிருந்தான். யாரோ வழிப்போக்கன் என்று இவனைப் பார்த்து, "இன்னா வோணும்?" என்று கேட்டானாம். தண்ணி என்று சொல்லி, அவன் இறங்கி வந்து கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். அவள் ஓலைக் கட்டுப் பக்கம் திரும்பியிருந்தாள், பார்க்கவில்லை, பிள்ளை மட்டும்தான் பார்த்தது.

"அவ உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கா" என்று பதினேழு கார்டுகளையும் எடுத்து வந்து காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தான். எல்லாம் ஒரே வரிதான், ஆனாலும் ஒவ்வொன்றையும் முழுசாகப் படித்தான். பிறகு ஒரு கார்டு கேட்டான்.

"இதுக்கு நா பதில் போடறேன் சார். நீங்க எழுதுங்க, என் எழுத்து அவளுக்குத் தெரியும். ரத்தினம் ருஷ்யாவுல செத்துட்டான்னு எழுதுங்க."

"நான் எழுதமாட்டேன்" என்றேன்.

"நா போயி நின்னா அந்தப் புள்ளைய எங்க வெக்கிறது சார்? நா நிக்காம இருந்தா அவ தாலிய முடிஞ்சிக்கினே கெடப்பா. ரெண்டு பேரு வாழ்க்கை பேஜாராக் கீது. நா ஒருத்தன் முடிஞ்சி போவறேன்."

உள்ளே தேவசகாயம் சார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பொய்க் கடிதம் எழுத ஆபீசில் இடம் கொடுக்கமாட்டார் என்று நினைத்தேன். என்னை அது காப்பாற்றும் என்றும் நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். முத்திரை குத்துகிற மைப் பெட்டியைத் திறந்து சன்னல் பக்கம் தள்ளினார்.

உள்ளே போய், சன்னலுக்கு வெளியே அவன் நிற்க, எழுதினேன். ரத்தினம் ருஷ்ய தேசத்தில் காலமானது நிச்சயமாகத் தெரிந்தது, இனித் தகவல் எதிர்பார்க்க வேண்டாம். கீழே என் பெயர். விரலை மையில் தோய்த்து மூன்று மூலைகளில் தடவினேன். உயிரோடு ஒருவன் எதிரில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்க, நான்காவது மூலைக்கு என் கை போகவில்லை. ரத்தினம் சன்னல் கம்பிக்குள் கையை விட்டுத் தன் கட்டைவிரலை மையில் வைத்தான். நான்காவது மூலையில் அழுத்தி எடுத்தான்.

மாலை ரயிலில் போய்விட்டான். பினாங்கு என்று அண்ணனிடம் சொன்னானாம். அங்கே பேச்சுக்குத் தமிழ் உண்டு, முகம் தெரிந்தவர் இல்லை. அதற்கப்புறம் நான் வேலை பார்த்த வருஷமெல்லாம் பினாங்குக் கட்டைப் பிரித்ததும் முதலில் கையெழுத்துகளைப் பார்ப்பேன். அவன் எழுத்து வரவேயில்லை. மை தடவி வருகிற எந்தக் கார்டையும் வெயிலில் பிடித்துப் பார்க்காமல் கொடுத்ததும் இல்லை, விதி கிடக்கட்டும் என்று.

எங்கள் கார்டு நெமிலிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த அமாவாசைக்குச் செல்லம்மாவிடமிருந்து கார்டு வரவில்லை. அதற்கடுத்த அமாவாசைக்கும் வரவில்லை.